பள்ளிக்கூடப் பெடியளும் வேப்பும்: தடை இருந்தும் எப்பிடி வருது, பிடிபட்டால் என்ன செய்யிறது?

கிணத்தடி எழுதியது:

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்காகத் தாய் தகப்பன்மாருக்கு இரண்டு பக்கத்திலை ஒரு துண்டுப்பிரசுரம் எழுத வேண்டியிருக்கு. விசயம் வேப், அதுதான் இ-சிகரெட். ஒன்பதாம் வகுப்பிலை இருந்து ஏ.எல் வரைக்கும் படிக்கிற பிள்ளையளின்ரை வீட்டுக்குப் போற கடதாசி. இணையத்திலை கிடைக்கிற விளக்கம் முழுக்க அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ எழுதினது. "கடைக்காரர் வயது அத்தாட்சி கேட்கிறாரா எண்டு கவனியுங்கோ" எண்டு அதுகளிலை கிடக்கு. இஞ்சை உது கடைத்தட்டிலை இருக்கிற சாமானே இல்லை. இன்ஸ்ராகிராமிலை படம் பாத்து, வட்ஸ்அப்பிலை சொல்லி, மோட்டார்சைக்கிளிலை ரியூசன் வாசலுக்கு வாற சாமான். எங்கடை நிலைமைக்குப் பொருந்திற மாதிரி மூண்டு விசயம் தெரிய வேணும்.

முதலாவது அந்த வீதக் கணக்கு. ஒரு பெட்டியிலை 5% எண்டு போட்டிருக்கு, இன்னொண்டிலை 2%, சிலதிலை 0%. "நூறிலை அஞ்சுதானே, தண்ணி ஆவிதானே" எண்டு கதைக்கிற ஆக்களுக்கு ஒரு பந்தியிலை என்ன பதில் எழுதலாம்?

இரண்டாவது சட்டம். இலங்கையிலை முழுத்தடை எண்டு ஒரு பக்கம் சொல்லுகினம், 21 வயதுக்கு மேலை எண்டால் பிரச்சினை இல்லை எண்டு இன்னொரு பக்கம். எது சரி? நல்லூர்த் திருவிழா நேரம் வெளிநாட்டிலை இருந்து வாற மச்சான்மாரின்ரை சூட்கேசுக்குள்ளை வாறது எந்தக் கணக்கிலை சேரும்? மற்ற நாடுகள் இறுக்கிப் பிடிச்சு என்ன கண்டவை?

மூண்டாவது, 16 வயதுப் பெடியன்ரை புத்தகப் பையுக்குள்ளை ஒண்டு கிடைச்சால் அண்டைக்கே செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன? அடி, ஏச்சு, விடுகைப் பத்திரம் குடுத்து அனுப்பிறது எண்டதைத் தாண்டிச் சொல்லுங்கோ.

செப்புக்கம்பி எழுதியது:

சாமானைப் பற்றின பகுதியை நான் சொல்லுறன். சட்டம் தெரிஞ்ச ஆக்கள் பிறகு எழுதட்டும்.

"தண்ணி ஆவி" எண்ட சொல்லை முதல் வெட்டுங்கோ. உள்ளுக்கை இருக்கிறது புரொப்பிலீன் கிளைக்கோல், தாவரக் கிளிசரின் எண்ட இரண்டு கொழகொழத்த திரவம். அதுக்குள்ளை நிக்கொட்டின், பழவாசம், இனிப்பு. பாவிச்சு எறியிற வகையிலை ஒண்டைக் குறுக்காலை வெட்டினமாதிரி நினைச்சுப் பாருங்கோ: குழாய்க்குள்ளை ஒரு லிதியம் பற்றறி, அதுக்கு மேலை திரவம் ஊறின பஞ்சு, பஞ்சுக்கு நடுவிலை கம்பிச்சுருள், ஒரு அந்தத்திலை சின்ன மைக் மாதிரி ஒரு உணரி. வாயாலை இழுக்க உள்ளுக்கை காத்தழுத்தம் குறையும். உணரி அதைப் பிடிச்சுப் பற்றறியைச் சுருளோடை இணைக்கும். சுருள் இருநூறு பாகைக்கு மேலை சூடாகித் திரவத்தைப் புகாராக்கும். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, பெரும்பாலானதிலை பொத்தானும் இல்லை. நீளக்கைச் சட்டையின்ரை கைக்குள்ளை வைச்சு இழுத்துப்போட்டுக் கொஞ்சநேரம் மூச்சை அடக்கினால் வெளியிலை வாற புகார் கண்ணுக்குப் படாது. பின்வாங்கிலை இருந்து செய்யேலும், மலசலகூடத்துக்குப் போகவும் தேவையில்லை.

திரவம் முடியிற நேரம் பஞ்சு காயும். காய்ஞ்ச பஞ்சிலை சுருள் சூடாகினால் கருகின சுவை வரும். அந்த நேரம் போமல்டிகைட், அக்ரோலின் மாதிரி நச்சுப்பொருள் கூடுது. சுருளிலையும் ஈயம் பத்தவைச்ச இடத்திலையும் இருந்து நிக்கல், குரோமியம், ஈயம் எண்டு உலோகத் துணிக்கையளும் புகாரோடை போகும். "கருகுது, ஆனா இன்னும் கொஞ்சம் இருக்கு" எண்டு கடைசிவரை இழுக்கிறதுதான் உள்ளதுக்குள்ளை மோசமான பழக்கம். காசு குடுத்து வாங்கின பெடியள் அதைத்தான் செய்வினம்.

இப்ப வீதம். 5% எண்டால் 1 மில்லிலீற்றருக்குள்ளை 50 மில்லிகிராம் நிக்கொட்டின். 2% எண்டால் 20. பெட்டியிலை வீதத்துக்குப் பக்கத்திலை எத்தினை மில்லிலீற்றர் எண்டும் இருக்கும், ரெண்டையும் பெருக்க வேணும். 10 மில்லிலீற்றர், 5% எண்டால் மொத்தம் 500 மில்லிகிராம். பிரித்தானியாவிலையும் ஐரோப்பிய ஒன்றியத்திலையும் சட்டப்படி விக்கக்கூடிய உச்ச அளவு 1 மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம், தாங்கி 2 மில்லிலீற்றர். அதாவது ஒரு தாங்கிக்கு ஆகக்கூடினது 40. இரண்டு இலக்கத்தையும் பக்கத்துப் பக்கத்திலை போட்டால் வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கும். "10000 இழுப்பு" எண்டு மேலை பெரிசாப் போட்டிருக்கிற எண்ணை நம்பத் தேவையில்லை. எவ்வளவு சின்ன இழுப்பு எண்டதைப் பொறுத்து அது மாறும்.

பிள்ளையளுக்கு ஏன் கெதியாப் பிடிக்குது எண்டதுக்கு ஒரு இரசாயனக் காரணம் இருக்கு. துண்டுப்பிரசுரத்திலை கட்டாயம் போடுங்கோ. பழைய வகைத் திரவத்திலை நிக்கொட்டின் காரத்தன்மையோடை இருந்தது. கூடப் போட்டால் தொண்டை எரியும், பழக்கமில்லாத பிள்ளை இருமிப்போட்டு வைச்சிடும். 2015இலை அமெரிக்கச் சந்தைக்கு வந்த யூல் எண்ட வேப், பென்சோயிக் அமிலம் சேர்த்து நிக்கொட்டினை உப்பு வடிவத்துக்கு மாத்தினது. எரிவு போட்டுது. 0.7 மில்லிலீற்றர் திரவம் பிடிக்கிற, கழட்டி மாத்திற கூட்டுக்குள்ளை 40 மில்லிகிராமுக்குக் கிட்ட அடைச்சும் தொண்டைக்குத் தெரியேல்லை. இப்ப வாற எறியிற வகை பெரும்பாலும் உந்த உப்பு முறைதான். பேருக்குப் பின்னாலை "ஐஸ்" எண்டு இருந்தால் புதினாவோ, டபிள்யூஎஸ்-23 மாதிரி மணமில்லாத குளிரூட்டியோ சேர்த்திருக்கு. அதுவும் இருமலை அடக்கத்தான்.

0% எண்டதை நம்பாதேங்கோ. அவுஸ்திரேலியாவிலை நிக்கொட்டின் இல்லை எண்டு எழுதி வித்ததுகளைச் சோதிச்சபோது கனக்கத்திலை நிக்கொட்டின் இருந்தது.

ஒற்றைப்பனை எழுதியது:

செப்புக்கம்பி அண்ணை, 500 எண்டு மட்டும் போட்டால் யாராவது விசயம் தெரிஞ்ச ஏ.எல் பெடியன் துண்டுப்பிரசுரத்தைக் கிழிச்சுப்போடுவான். சிகரெட் ஒண்டுக்குள்ளை 10 தொடக்கம் 14 மில்லிகிராம் இருக்கு, ஆனா பிடிக்கிறவரின்ரை உடம்புக்குப் போறது 1, 1.5 தான். வேப்பிலையும் உள்ளது முழுக்க உடம்புக்குப் போகாது, ஆளுக்காள் மாறும். அரைவாசி வீணாப் போகுது எண்டு வைச்சாலும் 250 மில்லிகிராம். அது ஏறக்குறைய 200 சிகரெட், இருபது போட்ட பெட்டி பத்து. இப்பிடி "வைச்சுக்கொண்டால்" எண்டு எழுதினால் ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது.

இன்னொண்டு, பிள்ளையிட்டை "எத்தினை தரம் இழுக்கிறாய்" எண்டு கேட்டுப் பிரயோசனம் இல்லை, எண்ணிறதில்லை. "ஒண்டு வாங்கினால் எத்தினை நாளைக்கு வரும், ஆரோடை பங்கு போடுறனீ" எண்டு கேளுங்கோ. கணக்கு தன்ரைபாட்டிலை வரும்.

நாவலடி எழுதியது:

சட்டத்தைக் கொஞ்சம் ஒழுங்காக எழுதிவிடுகிறேன், இரண்டு வெவ்வேறு விதிகள் இங்கே குழம்பிக் கிடக்கின்றன.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையை உருவாக்கியது. 21 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்பது அந்தச் சட்டத்தில் உள்ளது. விளம்பரத் தடையும் அதில்தான். கடைகளில் "21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பனை இல்லை" என்று மாட்டியிருக்கும் அறிவித்தல் அதிலிருந்து வருவது. அது சட்டபூர்வமாக விற்கப்படும் சாதாரண சிகரெட்டுக்குப் பொருந்தும். இ-சிகரெட் கதை வேறு. 2016இல் அதே சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள், மெல்லும் புகையிலை, வாசனையூட்டிய சிகரெட் ஆகியவற்றோடு இ-சிகரெட்டையும் தடைசெய்தன. அங்கே வயது என்ற பேச்சே இல்லை. நாற்பது வயதுக்காரருக்கு விற்றாலும் அது தடைசெய்த பொருள்தான். "21க்கு மேல் என்றால் சரி" என்பவர்கள் முதல் விதியை எடுத்து இரண்டாவதுக்குப் போடுகிறார்கள்.

அந்த ஒழுங்குவிதிகள் குறிவைப்பது உற்பத்தி, இறக்குமதி, விற்பனை. இதைக் கவனியுங்கள், பிரசுரத்தின் தொனி முழுவதும் இதில் தங்கியிருக்கிறது. "வேப் வைத்திருந்தால் சிறை" என்று பிள்ளையைப் பயமுறுத்தி எழுதவேண்டாம். சட்டம் துரத்துவது கொண்டுவருபவரையும் விற்பவரையும். மச்சான் சூட்கேசில் கொண்டுவருவது நாட்டுக்குள் கொண்டுவருவதுதான். சுங்கத்தில் கண்டால் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டு உறவுகளுக்குப் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிவருவது என்று சொல்லும்போதே இதையும் ஒரு வரி சொல்லிவிட்டால் பாதி வேலை முடியும். சித்தப்பா விமான நிலையக் கடையில் வாங்கியது, அவர் திரும்பிப் போகும்போது மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் பல பிள்ளைகளுக்கு முதல் இழுப்பு விற்பவனிடமிருந்து வருவதில்லை.

முறைப்பாடு செய்வதென்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலுள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) எழுத்தில் கொடுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர்களில் அவரும் பொலிசும் அடக்கம். அதிகார சபையின் 1948 தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லலாம். விற்பனைப் பதிவின் திரைப்பிடிப்பைத் (ஸ்கிரீன்ஷொட்) திகதி, நேரம், கணக்கின் பெயர், தொலைபேசி இலக்கம் தெரியும்படி எடுத்துவையுங்கள். இன்ஸ்ராகிராம் ஸ்ரோரிகள் 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும், பிறகு தேடிப் பயனில்லை. பிள்ளையைக் கொண்டு வாங்க வைத்துப் பிடிக்கும் வேலை ஒன்றையும் செய்யாதீர்கள்.

மற்ற நாடுகளைப் பற்றி. விதி எங்கே இடைவெளி விட்டதோ அங்கே சாமான் போய் நின்றது. அமெரிக்கா நல்ல பாடம். 2019 டிசம்பரில் வாங்கும் வயது 21 ஆக உயர்ந்தது. 2020 தொடக்கத்தில் கூடு மாற்றும் வகைகளில் பழ வாசனையைத் தடுத்தார்கள், புகையிலை, மென்தோல் வாசனைகளை விட்டார்கள், எறியும் வகையை அந்த நடவடிக்கையில் முன்னுக்கு வைக்கவில்லை. பிள்ளைகள் எறியும் வகைக்கு மாறினார்கள். புகையிலைச் செடியிலிருந்து எடுக்காத, ஆய்வுகூடத்தில் செய்த நிக்கொட்டின் சட்டத்துக்குள் வராது என்று சில உற்பத்தியாளர்கள் அதற்கு மாறினார்கள். 2022 மார்ச்சில் தனிச் சட்டத்திருத்தம் கொண்டுவந்துதான் அந்த ஓட்டை அடைபட்டது. ஆனாலும் கடைசிக் கணக்கைப் பாருங்கள்: மேல்வகுப்பு மாணவரில் வேப் இழுப்பவர்கள் 2019இல் 27.5 வீதமாக இருந்தார்கள், 2024இல் 7.8 வீதம். இதை ஒரு தனிச் சட்டத்தின் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. இடையில் கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன, விழிப்புணர்வுப் பிரசாரம் நடந்தது, வயது விதி வந்தது, கடைகளுக்கும் இறக்குமதிக்கும் மேல் நடவடிக்கை எடுத்தார்கள்.

சான்பிரான்சிஸ்கோ நகரம் 2018இல் வாசனையூட்டிய புகையிலைப் பொருள் எல்லாவற்றையும் தடுத்தது. அதற்குப் பிறகு அங்குள்ள மாணவரிடையே சாதாரண சிகரெட் கூடியது என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. தடை வேண்டாம் என்பவர்கள் இன்றும் அதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். தடை உண்மையில் அமுலானது 2019 ஜனவரியில், அந்த ஆய்வு எடுத்த தரவு அதற்கு முந்தியது என்ற மறுப்பும் பிறகு வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவரோடு வாதாட வேண்டாம்.

பிரித்தானியா 2025 ஜூன் 1ஆம் திகதி எறியும் வகையைத் தடுத்தது. கம்பனிகள் அதற்கு முன்பே அதே வடிவத்தில், அதே நிறத்தில், சார்ஜ் போடும் துளையும் மாற்றும் கூடும் வைத்து இறக்கிவிட்டன. அவுஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து மருந்தகத்தில் மட்டும் என்றது. சிகரெட் வரியும் அங்கே மிக அதிகம், கள்ளச்சந்தை பெருத்து மெல்பேர்னில் புகையிலைக் கடைகளுக்குத் தீவைக்கும் அளவுக்குப் போனது. இந்தியா 2019இல் விற்பனை, இறக்குமதி, சேமிப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் தடுத்தது, விற்பனை, இறக்குமதி போன்றவற்றில் முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபா வரை அபராதம் அல்லது இரண்டும். சிங்கப்பூர் 2018இலிருந்து கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அங்கேயும் எற்றோமிடேற் என்ற மயக்கமருந்து கலந்த வேப் புகுந்து, 2025 செப்ரெம்பரில் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

ஒற்றைப்பனை எழுதியது:

நாவலடி சொன்னதிலை ஒண்டு விடுபட்டுப் போச்சு. தடை போட்ட நாட்டிலை 20 மில்லிகிராம் எண்ட உச்ச வரம்பு இல்லை, குழந்தை திறக்கேலாத மூடி வேணும் எண்ட விதி இல்லை, உள்ளுக்கை என்ன கிடக்கு எண்டு பதிவு செய்யத் தேவையில்லை. முழுச் சாமானும் களவாத்தானே வருது. லண்டனிலை வாங்கினது 2%, இஞ்சை மோட்டார்சைக்கிளிலை வாறது 5%. ஒழுங்குபடுத்தி விக்க விட்டால் இதைவிடக் கட்டுப்பாடு இருக்கும் எண்டு ஒரு வாதம் இருக்கு. அதை ஒரேயடியாத் தள்ளேலாது.

நாவலடி எழுதியது:

தள்ளவில்லை. ஆனால் நம்மூர்ச் சந்தியைப் பாருங்கள். சாதாரண சிகரெட்டுக்கு 21 வயது விதி 2006இலிருந்து இருக்கிறது. பெட்டி உடைத்து ஒன்று ஒன்றாக விற்கும் கடையில் பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்பவனிடம் யார் அடையாள அட்டை கேட்கிறார்கள்? அந்தத் தட்டில் ரொபிப் போத்தலுக்குப் பக்கத்தில் மாம்பழ வாசனை வேப்பையும் வைக்க அனுமதித்தால் 20 மில்லிகிராம் வரம்பு காப்பாற்றாது. தடையால் கிடைக்கும் பெரிய இலாபம் இதுதான்: கண்ணில் படாது, விலை கூட, வாங்க ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் சொன்ன நட்டமும் உண்மை. ஆகவே பிரசுரத்தில் "இங்கே கிடைக்கும் எதுவும் எவராலும் சோதிக்கப்பட்டதில்லை, பெட்டியில் உள்ள எழுத்து உத்தரவாதமில்லை" என்று எழுதுங்கள்.

மருந்துச்சீட்டு எழுதியது:

மூண்டாவது கேள்விக்கு வாறன். பையுக்குள்ளை கிடைச்ச அண்டைக்கு முதல் பாக்க வேண்டியது பிள்ளையின்ரை உடம்பு, சாமான் இல்லை. வயித்துப்பிரட்டல், சத்தி, வியர்வை, முகம் வெளிறல், நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம் இருந்தால் நிக்கொட்டின் கூடிப்போச்சு. சும்மா இருத்தி, காத்தோட்டமான இடத்திலை வைச்சால் பெரும்பாலும் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்திலை குறையும். வலிப்பு, மூச்சு இழுக்கக் கஷ்டம், கூப்பிடப் பதில் இல்லாமை, தள்ளாட்டம், வழமையில்லாத தூக்கம் எண்டால் நிக்கவேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. தள்ளாட்டமும் தூக்கமும் வெறும் நிக்கொட்டினாலை வழமையா வாற குணம் இல்லை, உள்ளுக்கை வேறை ஏதோ கலந்திருக்கலாம். சாமானை ஒரு பையிலை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கையோடை கொண்டுபோங்கோ.

ஒரு முக்கியமான விசயம், எங்கடை ஊருக்கெண்டே சொல்லுறன். 2019இலை அமெரிக்காவிலை வேப் இழுத்த ஆக்களுக்கு நுரையீரல் பழுதாகி 2,800க்கு மேற்பட்டவை ஆஸ்பத்திரியிலை கிடந்து, 68 பேர் செத்தவை. பெரும்பாலும் கஞ்சாச் சத்துப் போட்ட திரவத்திலை கலந்த விற்றமின் ஈ அசற்றேற் எண்ட எண்ணெய்ப்பொருள்தான் காரணம். குணங்குறி: காய்ச்சல், இருமல், மூச்சு முட்டல், நெஞ்சுநோ, சத்தி. மாரியிலை இந்தக் குணத்தோடை வாற பிள்ளையை வைத்தியர் முதலிலை டெங்கு, சளிக்காய்ச்சல் எண்டுதான் பாப்பார், அது சரியும்கூட. தாய் பக்கத்திலை நிக்கேக்கை பிள்ளை வாயைத் திறக்காது. வைத்தியரோடை தனியக் கதைக்க அஞ்சு நிமிசம் விட்டுப்போட்டு வெளியிலை நில்லுங்கோ.

உடம்பு சரி எண்டால் அடுத்தது கேள்வி. ஒண்டு கேட்டால் போதும்: காலமை எழும்பி எவ்வளவு நேரத்துக்குள்ளை முதல் இழுப்பு? அரை மணித்தியாலத்துக்குள்ளை எண்டால், அல்லது ராத்திரி முழிச்சு இழுக்கிறான் எண்டால், அது விளையாட்டு இல்லை, பழக்கம் பிடிச்சிட்டுது. அப்பிடிப்பட்ட பிள்ளையை ரெண்டு கிழமை வீட்டிலை நிப்பாட்டிறது தண்டனை ஆகாது, நாள் முழுக்க இழுக்க நேரம் குடுக்கிறது.

நிப்பாட்டினால் எரிச்சல், பதட்டம், கவனக்குறைவு, நித்திரைக் குழப்பம், பசி வரும். இரண்டாம் மூண்டாம் நாள் உச்சம், இரண்டு தொடக்கம் நாலு கிழமையிலை அடங்கும். ஆகவே ஓ.எல் சோதினைக் கிழமையிலை நிப்பாட்டச் சொல்லாதேங்கோ. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறையின்ரை முதல் நாளைக் குறியுங்கோ. ஆனா ஆகஸ்டிலை மச்சான்மாரும் வருவினம், அதை மறக்கக்கூடாது. 5% இலை இருந்து 2%, பிறகு 0% எண்டு இறங்கிற முறை வெளிநாட்டு வழிகாட்டியளிலை இருக்கும். இஞ்சை பெட்டியிலை இருக்கிற இலக்கத்தையே நம்பேலாத நிலையிலை அதாலை பிரயோசனம் இல்லை. ஒரு நாளைக் குறிச்சு முழுசா நிப்பாட்டிறதுதான் நல்லது. ஆவல் ஒவ்வொண்டும் சில நிமிசம்தான் நிக்கும், அந்த நேரத்துக்கு என்ன செய்யிறது எண்டு முன்கூட்டியே பேசி வையுங்கோ: தண்ணி, ஒரு சுத்து நடை, சைக்கிள், ஆரோடையாவது கதை. ராத்திரிப் பிளேன்ரீயை நிப்பாட்டுங்கோ, நித்திரைக் குழப்பத்தை அது கூட்டும்.

நிக்கொட்டின் சுவிங்கம், ஒட்டுப்பட்டி எல்லாம் 18க்குக் கீழை வைத்தியர் சொன்னால் மட்டும். வரெனிக்கிளின் எண்ட மாத்திரையை 16 தொடக்கம் 25 வயதானவையிலை சோதிச்ச ஒரு ஆய்வு 2025இலை வெளிவந்தது, 9 தொடக்கம் 12ஆம் கிழமை வரை இழுக்காமல் இருந்தவை மாத்திரை எடுத்தவையிலை 51 வீதம், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவையிலை 14 வீதம். இந்த ரெண்டு பகுதிக்கும் கிழமைக்குக் கிழமை ஆலோசனையும் குடுத்தவை, மாத்திரை மட்டும் வேலை செய்ததில்லை. பழக்கம் கடுமை எண்டால் அரசாங்க ஆஸ்பத்திரி உளநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, காசு இல்லை. போக வெட்கம் எண்டால் முதலிலை 1926 எண்ட உளநல உதவித் தொலைபேசிக்கு அடிச்சுக் கதைக்கலாம்.

பள்ளிக்கூடத்துக்கு: சாமானை வாங்கேக்கை இன்னொரு ஆசிரியர் பக்கத்திலை நிக்க வேணும். நிறம், பேர், நேரம் புத்தகத்திலை எழுதி உறையிலை போட்டு ஒட்டுங்கோ. காலைக் கூட்டத்திலை பேர் சொல்லக்கூடாது. "ஆர் தந்தது" எண்ட விசாரணையை முதல் நாளே தொடங்கினால் பிள்ளை பொய் சொல்லும், உதவியும் கேக்காது.

கிணத்தடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு பக்கம் இப்ப நாலு பக்கமாப் போச்சு. இன்னும் ரெண்டு. ஒண்டு, மருந்துக்கடையிலை சலச்சோதனைப் பட்டி வாங்கிப் பாக்கலாம் எண்டு சில பெற்றோர் கேக்கினம். மற்றது, பறிச்ச சாமானை என்ன செய்யிறது? அதிபர் காரியாலய லாச்சியிலை எட்டு ஒம்பது கிடக்கு. வீட்டிலை எண்டால் வளவுக்குள்ளை குப்பையோடை கொளுத்திறதுதான் நடக்கும்.

மருந்துச்சீட்டு எழுதியது:

பட்டி பாக்கிறது நிக்கொட்டினை இல்லை, உடம்பு அதை உடைச்சு வாற கொட்டினினை. வழமையான பட்டியின்ரை வெட்டுப்புள்ளி 1 மில்லிலீற்றருக்கு 200 நனோகிராம், அதுக்குக் குறைஞ்சால் காட்டாது, கடைசி இழுப்புக்குப் பிறகு மூண்டு நாலு நாள் வரை காட்டும். ஆனா சிகரெட், வேப், மாவா, புகையிலை போட்ட வெற்றிலை எல்லாத்துக்கும் ஒரே கோடுதான் விழும். வார விடுமுறையிலை மட்டும் இழுக்கிறவன் வெள்ளிக்கிழமை சோதினையிலை தப்புவான். நிப்பாட்ட ஒத்துக்கொண்ட பிள்ளை தானே கேட்டால் பாக்கலாம். கள்ளமாச் சலம் எடுத்துப் பாக்கிற வீட்டிலை அடுத்த முறை ஒளிப்பிடம் மட்டும் மாறும்.

செப்புக்கம்பி எழுதியது:

கொளுத்த வேண்டாம், கிணத்தடிப் பக்கமும் எறிய வேண்டாம். நெருப்புக்குள்ளை போட்டால் லிதியம் பற்றறி வெடிச்சுத் தெறிக்கும். மண்ணுக்குள்ளை தாட்டால் எங்கடை சுண்ணாம்புக்கல்லுக்குள்ளாலை திரவம் இறங்கிறது நேரை குடிக்கிற தண்ணிக்கு.

கழட்டவும் கூடாது. உள்ளுக்கை இருக்கிற பற்றறியிலை சார்ஜ் மிச்சம் இருக்கும், ஸ்குரூ றைவர் நுனி ரெண்டு முனையிலையும் பட்டால் நெருப்பு. வாய் வைக்கிற துளையையும் சார்ஜ் போடுற துளையையும் பிளாஸ்ரர் ரேப்பாலை ஒட்டுங்கோ. திரவம் வெளியிலை வராது, உணரியும் சும்மா இயங்காது. மூடியுள்ள பால்மா ரின் ஒண்டிலை அரைவாசிக்குக் காய்ஞ்ச மணல் போட்டு, ஒண்டோடை ஒண்டு முட்டாமல் அடுக்கி, மேலையும் மணல் போட்டு மூடுங்கோ. வெயில் படாத, சின்னப் பிள்ளையளுக்கு எட்டாத இடத்திலை வைச்சு, மாநகர சபையோ பிரதேச சபையோ மின்கழிவு சேர்க்கிற நாளிலை குடுங்கோ. ஏதாவது ஒண்டு வீங்கியிருந்தால், சூடாயிருந்தால், இனிப்பு மணத்தோடை சீறினால், கையாலை தூக்காமல் நீளத் தும்புத்தடியாலை தள்ளி வெளியிலை மணலுக்குள்ளை விடுங்கோ, கிட்ட நிக்க வேண்டாம்.

கசிஞ்ச திரவத்தை வெறுங்கையாலை துடைக்கக்கூடாது, தோலாலையும் நிக்கொட்டின் உள்ளை போகும். பட்டால் உடனை சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியிலை கழுவுங்கோ. வீட்டிலை தவழுற குழந்தை வாயிலை வைச்சால் சத்தி எடுக்க வைக்க வேண்டாம், வாயைத் துடைச்சுப்போட்டு நேரை ஆஸ்பத்திரி. அந்த லாச்சியிலை கிடக்கிற எட்டு ஒம்பதையும் திங்கட்கிழமைக்கு முதல் மணலுக்குள்ளை மாத்தச் சொல்லுங்கோ, மர லாச்சி, பக்கத்திலை முழுக்கக் கடதாசி.